பழைய இரும்பு விறகடுப்பு வாங்கலாமா? நுவரெலியாக் குளிரில் ஒருமுறை ஏமாந்தவன் சொல்லும் வழி

எங்கள் வீடு கந்தப்பளைக்குப் பக்கம். ஜனவரியில் விடியற்காலை குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். அம்மாவுக்கு மூட்டுவலி, இரண்டு கம்பளி போர்த்தியும் தூக்கம் வராமல் அடுப்பங்கரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஹோலுக்கு ஒரு இரும்பு அடுப்பு போடுவோம் என்று இறங்கினேன். பழைய பங்களாக்களைத் திருத்தும்போது கழற்றிப் போடும் வார்ப்பிரும்பு அடுப்புகள் பழைய சாமான் கடைகளுக்கு வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முதலில் வாங்கியது 38,000 ரூபா. ஏழு வாரத்தில் அதையே இரும்புக் கடையில் நிறுத்துப் போட்டேன். 110 கிலோ, கிலோ 90 ரூபாப்படி 9,900 கிடைத்தது. இரண்டாவது அடுப்பு இப்போது நன்றாக எரிகிறது, ஆனால் அதற்குள் பணமும் பொறுமையும் எவ்வளவு போனது என்று எனக்குத்தான் தெரியும். நீங்களும் வாங்கும் யோசனையில் இருந்தால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன், அடுப்பை வாங்கி வைத்துவிட்டு விறகையும் புகைக்குழாயையும் பற்றி யோசித்தேன்.

1. உங்களுக்கு அடுப்பு தேவையா என்று முதலில் பாருங்கள்

ஹட்டன், பண்டாரவளை போல கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீற்றர் உயரத்தில் இருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். அந்தக் குளிருக்கு நல்ல கம்பளியும் மூடிய ஜன்னலும் போதும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர். வருடச் சராசரி 16 பாகை அளவில் இருந்தாலும் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி சில காலைகளில் புல்லில் உறைபனி படியும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அம்பேவல, பட்டிப்பொல பக்கம் இருப்பவர்கள் மேலே வாசிக்கலாம்.

அடுத்தது சீலிங். கூரைத் தகடும் ஓடும் நேரே தலைக்கு மேல் தெரிகிற வீட்டில் அடுப்பு மூட்டினால் சூடு முழுக்க மேலே போய்விடும், நீங்கள் காசு கொடுத்து மூடுபனியைச் சூடாக்குவீர்கள். முதலில் சீலிங் அடியுங்கள். கதவுக்குக் கீழே துணிச் சுருள் வையுங்கள், ஜன்னல் சட்டத்தின் இடுக்குகளைப் புட்டியால் அடையுங்கள். இதற்கு ஆகும் செலவு அடுப்பில் கால்வாசி கூட வராது. இதைச் செய்த பிறகு அடுப்பே வேண்டாம் என்று விட்டவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டார் இருக்கிறார்கள்.

லயத்துக் காம்பராவில் இருந்தால் தயவுசெய்து இந்த யோசனையை விடுங்கள். ஒரே கூரை, நடுவில் மெல்லிய சுவர், மேலே காய்ந்த மரச் சட்டங்கள். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு வரிசை முழுவதையும் கொண்டுபோவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இழுப்பு உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தாலும் இரண்டு முறை யோசியுங்கள். எவ்வளவு நல்ல அடுப்பானாலும் விறகு போடக் கதவைத் திறக்கும்போது கொஞ்சம் புகை அறைக்குள் வரத்தான் செய்யும்.

2. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரத்தை மீற்றரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் சூடு வேண்டும் என்று ஓரளவு தெரியும். எங்கள் ஹோல் 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கிட்டத்தட்ட 48 கன மீற்றர், ஆக மூன்றரைக் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இது ஐரோப்பியக் குளிருக்குப் போடும் கணக்கு, நமக்கு மூன்று கிலோவாட்டே தாராளம்.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் நான்கு கிலோவாட் மணி சூடு இருக்கிறது. பழைய அடுப்பில் அதில் பாதிதான் அறைக்கு வரும், மீதி குழாய் வழியே போய்விடும். மூன்று கிலோவாட், மாலை ஆறரை முதல் பத்தரை வரை நான்கு மணித்தியாலம் என்றால் 12 கிலோவாட் மணி. அதற்கு ஒரு இரவுக்கு ஆறு கிலோ விறகு, மாதத்துக்கு 180 கிலோ. இப்போது உங்கள் ஊர் விறகு விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மறுபக்கம் கரண்ட் ஹீட்டர். இரண்டு கிலோவாட் ஹீட்டரை அதே நான்கு மணித்தியாலம் போட்டால் நாளுக்கு 8 அலகு, மாதத்துக்கு 240. நம் பில்லில் அலகு கூடக் கூட விலைப்படியும் ஏறும், அதனால் இந்த 240ஐ உங்கள் சராசரி விலையால் பெருக்காதீர்கள். இது ஏற்கனவே எரிகிற அலகுகளுக்கு மேலே வந்து உட்காரும், ஆகவே கடைசிப் படியின் விலையால் பெருக்குங்கள். வருடத்தில் இருபது, முப்பது இரவு மட்டும் சூடு வேண்டும் என்பவருக்கு ஹீட்டர்தான் மலிவு, சந்தேகமே இல்லை. நான்கு மாதம் தினமும் மூட்டுபவருக்குத்தான் அடுப்பு கட்டுப்படியாகும், அதுவும் விறகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பங்களாச் சுவரோடு கட்டிய திறந்த கணப்படுப்பு பார்க்க அழகு, ஆனால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சூடுதான் அறைக்குத் தரும். அந்த மாதிரி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதன் புகைபோக்கியை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு மூடிய அடுப்பைப் பொருத்துவது பற்றி யோசியுங்கள். பெரிய செலவில் ஒன்று மிச்சமாகும்.

3. விறகு கிடைக்குமா? அடுப்புக்கு முன்னால் இதைத் தீருங்கள்

என் முதல் குளிர்காலத்தைக் கெடுத்ததில் வெடித்த அடுப்புக்கு இருந்த பங்கு, விறகுக்கும் இருந்தது. ட்ரக்டர் லோட் ஒன்று இறக்கினார்கள், வெட்டி ஒரு வாரம் கூட ஆகாத டர்பன்டைன் (நம் பக்கம் யூகலிப்டஸ் மரத்தை அப்படித்தான் சொல்வோம்) கட்டைகள். போட்டால் நுனியில் நுரை தள்ளி உஸ் என்று சத்தம் போடும், எரியாது. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீர். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தண்ணீர், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். அதோடு ஈரப் புகைதான் குழாயின் உள்ளே தாராகப் படிந்து, பிறகு ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கக் காரணமாகிறது.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் சின்ன மீற்றர்கள் ஒன்லைனில் விற்கிறார்கள், வாங்கினால் நல்லது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது டங் என்று கேட்கும், ஈரமானது தொப் என்று கேட்கும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையால் உரியவேண்டும். தட்டுவதும் பார்ப்பதும் லோட்டின் மேலே கிடக்கும் துண்டில் வேண்டாம், நடுவிலிருந்து ஒன்றை உருவி, அதைப் பிளந்து உள்பக்கத்தில் பாருங்கள்.

எது நல்லது? பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கும்போது வரும் வேர்க்கட்டை கிடைத்தால் விடாதீர்கள், கல் மாதிரி இருக்கும், நின்று எரியும். சவுக்கு (தேயிலைக்கு நிழலுக்கு வைக்கும் கிரெவிலியா) காய்ந்தால் நன்றாக எரியும், ஆனால் சீக்கிரம் தீரும். டர்பன்டைன் சூடு அதிகம், காய மட்டும் மாதக்கணக்கு வேண்டும், அதையும் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்த பிறகு கோடரி திரும்பி வரும். பைனஸ் மூட்டுவதற்கு நல்லது. கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சிகள், ஒரு கட்டு எப்போதும் வைத்திருங்கள், தீ பிடிக்க அதைப் போல ஒன்றும் இல்லை. பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவூட், மருந்தேற்றிய கம்பம், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது.

நான்கு மாதத்துக்கு 720 கிலோ. அடுக்கினால் ஏறக்குறைய இரண்டு கன மீற்றர், அதாவது ஆறரை அடி நீளம், மூன்றேகால் அடி உயரம், அதே அளவு ஆழம். அதற்கு மேலே தகரம், பக்கம் திறந்தபடி, கீழே தரையில் படாமல் இரண்டு கட்டை. பொலித்தீனால் முழுதாக மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இந்த இடம் உங்கள் வளவில் இல்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு மழையில்லாமல் காயும் காலம். அதற்குள் வாங்கிப் பிளந்து அடுக்குங்கள், மே மாதம் தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும் வந்தால் அப்புறம் ஒன்றும் காயாது. இந்த வருடம் வாங்குவது வரும் டிசம்பருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வெட்டுவதற்கும் லொறியில் ஏற்றுவதற்கும் அனுமதிப் பத்திரம் தேவைப்படும் மரங்கள் உண்டு. உங்கள் வளவு மரமானாலும் வெட்டுமுன் கிராம சேவகரிடம் கேளுங்கள். வெளியே வாங்கினால் பற்றுச்சீட்டு எழுதித் தரும் ஆளிடம் வாங்குங்கள். தோட்ட மரத்தை இரவில் மலிவாக இறக்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார், அவர் வரும்போது கதவைத் திறக்க வேண்டாம். அரச மரக் கூட்டுத்தாபனமும் விறகு விற்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

4. அடுப்பைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். கையில் டோர்ச் லைட், சின்னச் சுத்தியல், ஒரு காகிதம், ஒரு கம்பிப் பிரஷ். கூட ஒரு ஆள்.

முதலில் இது எந்த வகை அடுப்பு என்று பாருங்கள். டோவர் ஸ்டவ் என்று பங்களாக் குசினிகளில் இருந்தவை சமைக்கச் செய்தவை. விறகு போடும் பெட்டி சிறியது, சூடு மேல்தட்டுக்கும் பேக்கிங் அறைக்கும் போகும், ஹோலைச் சூடாக்க அரைமணிக்கொரு தரம் விறகு திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். குசினியிலேயே குடும்பம் முழுவதும் உட்காரும் வீடென்றால் அது நல்ல சாமான், கேத்தலும் கொதிக்கும். நான் ஹோலுக்கு வாங்கியது அந்த வகை. முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு பளபளப்பு. "சீமை அடுப்பு தம்பி, பேரப்பிள்ளை காலத்துக்கும் கிடக்கும்" என்றார் விற்றவர். புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தது, வாசனை கூடப் போகவில்லை. மூன்றாவது இரவு நன்றாக விறகு போட்டு எரியவிட்டேன். டக் என்று ஒரு சத்தம், தேங்காய் உடைத்தது போல. பின்பக்கம் எட்டிப்பார்த்தால் தகட்டில் மேலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீற்று, அதன் வழியே உள்ளே தணல் சிவப்பாகத் தெரிந்தது. வெடிப்பில் புட்டி அடைத்து அதன்மேல் மை பூசியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் கம்பளியை எடுத்துக்கொண்டு மறுபடி அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

ஆகவே மை பூசிய அடுப்பைப் பார்த்தால் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கம்பிப் பிரஷால் ஓரிரு இடத்தில் சுரண்டிப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு தகட்டையும் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். முழுத் தகடு கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் கணீரென்று கேட்கும், வெடித்த தகடு செத்த சத்தம் கொடுக்கும். பிறகு டோர்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி, கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் கசியும். தகடுகள் சேரும் மூட்டில் கசிந்தால் பயமில்லை, தீச் சீமெந்து வைத்து அடைக்கலாம். தகட்டின் நடுவில் கசிந்தால் வேண்டாம்.

வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். வார்ப்பிரும்பைச் சாதாரணக் கம்பியால் ஒட்டினால் பக்கத்திலேயே புது வெடிப்பு ஓடும். நிக்கல் கம்பி வேண்டும், ஒட்டுமுன் தகட்டைச் சூடாக்கி, ஒட்டியபின் மெதுவாக ஆறவிட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் எங்கள் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கதவில் காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்தால் கதவைச் சுற்றிவரப் புகை கசியாமல் அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது. கயிறு மாற்றுவது சின்ன வேலை, ஆனால் மிகப் பழைய அடுப்பில் வெள்ளை, சாம்பல் நிறத்தில் நார் நாராகக் கயிறோ அட்டையோ இருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்து எடுத்துப் பையில் கட்ட வேண்டும். தெரியாமல் கை வைப்பதை விட அந்த அடுப்பையே விடுவது மேல்.

உள்ளே கை விட்டுப் பாருங்கள்: சாம்பல் தட்டு, அடிக் கம்பித்தட்டு, மேலே தீயைத் திருப்பும் தகடு, பக்கச் செங்கற்கள். செங்கல் உடைந்திருந்தால் மாற்றலாம். அடிக் கம்பித்தட்டு வளைந்தோ அரைபட்டோ இருந்தால் லேத் கடையில் இரும்புக் கம்பியால் ஒன்று செய்துகொள்ளலாம், அது போதும். திருப்பும் தகடு காணாமல் போயிருந்தால் சூடு நேரே குழாய்க்குள் போகும், இதையும் தடித்த இரும்புத் தகட்டில் வெட்டிப் போடலாம். மேலே துருவின் சிவப்பு எல்லாம் பிரச்சினையே இல்லை. துருவைத் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்து தகடு மெலிந்திருப்பதுதான் பிரச்சினை.

5. விலையும் பற்றுச்சீட்டும்

விலை பேச ஒரு அடித்தளம் வேண்டும். அன்றைக்கு வார்ப்பிரும்பு கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று வேறொரு இரும்புக் கடையில் கேட்டுவிட்டு, அடுப்பின் எடையால் பெருக்குங்கள். அதுதான் கீழ் எல்லை. வெடிப்பில்லாத, கதவு சரியான, சூட்டுக்கென்றே செய்த அடுப்புக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுப்பதில் தப்பில்லை என்பது என் எண்ணம். டிசம்பரில் கேட்காதீர்கள், ஊரே நடுங்கும்போது விலை இறங்காது. ஏப்ரல் சுற்றுலாச் சீசன் முடிந்து மழை தொடங்கியதும் போங்கள், கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் சாமானைத் தள்ளிவிட அவர்களும் பார்ப்பார்கள்.

பங்களாவில் இருந்து வந்த சாமான் என்றால் அது தோட்டக் கம்பனியின் சொத்தாக இருந்திருக்கும். யார் விற்றார், எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தும் வாங்கினால் வாங்கியவரும் மாட்டுவார். எழுதி வாங்க வேண்டியவை இவ்வளவு: விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகை, அடுப்பின் அடையாளம், அதாவது வார்ப்பில் எழுத்து இருந்தால் அந்த எழுத்து. தோட்டத்திலிருந்தே நேரே எடுக்கிறீர்கள் என்றால் முகாமையாளரின் கடிதமும் லொறிக்குக் கேட் பாஸும். அடுப்பைப் படம் எடுத்து வையுங்கள்.

"வெடித்தால் திருப்பி எடுப்பேன்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னதை நான் நம்பினேன். பற்றுச்சீட்டில் ஒரு வரி அதை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் விலையில் பத்தாயிரம் குறையுங்கள்.

வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வேண்டும், கூரையில் ஓட்டை போடப் போகிறீர்கள். செங்கல் புகைபோக்கி கட்டுவதானால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ முன்கூட்டியே விசாரியுங்கள். வீட்டுக்குக் காப்புறுதி இருந்தால் அவர்களுக்கும் ஒரு கடிதம், பின்னால் தீ விபத்து என்று போனால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

6. புகைக்குழாய்: அடுப்பை விட இதுதான் செலவு

என் இரண்டாவது அடுப்பு 52,000. குழாய், தொப்பி, கூரைத் தகடு, வேலை செய்த பாஸின் (மேஸ்திரியின்) கூலி எல்லாம் 81,000. முன்கூட்டியே இதைத் தெரிந்துகொண்டு போனால் அதிர்ச்சி இருக்காது.

குழாயின் விட்டம் அடுப்பின் வாயோடு ஒத்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஆறு அங்குலம். நான்கு அங்குலத் தண்ணீர் பைப்பைக் குறுக்கி மாட்டினால் அறை புகையால் நிறையும். அடுப்பின் மேலிருந்து மொத்தம் 15 அடியாவது நேரே ஏற வேண்டும். கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து மூன்று அடி உயரம், அதோடு பத்தடித் தூரத்துக்குள் உள்ள கூரை முகட்டை விட இரண்டடி உயரம். எங்கள் ஊர்க் காற்றுக்கு இது மிகவும் முக்கியம், குறைந்தால் ஜூலைக் காற்று புகையைக் கீழே தள்ளும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தகரக் கடையில் பீலி செய்யும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டில் சுருட்டித் தருகிறேன் என்பார்கள். மலிவு, ஆனால் அடுப்புக்கு அருகே அந்தச் சூட்டில் நாகப் பூச்சு கருகி நச்சுப் புகை விடும். அடுப்போடு சேரும் பகுதிக்குக் கறுப்பு இரும்பு, மேலே துருப்பிடிக்காத இரும்பு. காசைக் குறைக்க வேறு இடம் பாருங்கள்.

வெறும் ஒற்றைக் குழாய்க்கும் பலகை, சீலிங் போன்ற எரியும் பொருளுக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும். அடுப்புக்கும் மரச்சுவர், திரைச்சீலை, செற்றிக்கும் இடையே மூன்று அடி. சீலிங்கைத் துளைக்கும் இடத்தில் இரட்டைக் குழாய் போடுங்கள், நடுவில் அஸ்பெஸ்டஸ் வேண்டாம், ரொக்வூல் என்ற எரியாத பாறைப் பஞ்சு போதும்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் கவனம். எங்கள் வீட்டில் அதுதான். பாஸ் ஏணியில் ஏறி கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார், நான் கத்தி நிறுத்தினேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதோடு சூடான குழாய் பட்டால் அந்தச் சீட் வெடித்துச் சிதறவும் கூடும். நாங்கள் செய்தது இது: சீட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் ஒரு முழுச் சீட்டை இறக்கிவிட்டு, அதே நெளிவுள்ள இரும்புத் தகடு ஒன்றை அந்த இடத்தில் போட்டு, ஓட்டையை அதில் வெட்டினோம். ஒத்த நெளிவுள்ள தகடு தேடவே எனக்கு ஒன்பது நாள் போனது, ஆகவே அளவை எடுத்துக்கொண்டு முதலிலேயே ஹாட்வெயார் கடைகளில் கேட்டு வையுங்கள்.

பழைய செங்கல் புகைபோக்கியைப் பயன்படுத்துவதானால் அடியில் ஊதுபத்தி நான்கைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை நேரே மேலே போனால் வழி திறந்திருக்கிறது. தயங்கித் திரும்பி முகத்துக்கு வந்தால் உள்ளே குருவிக் கூடோ இடிந்த செங்கலோ இருக்கும்.

7. கொண்டுவந்து வைத்தல்

நல்ல அடுப்பு ஒன்று 100 முதல் 200 கிலோ இருக்கும். கதவு, தட்டு, செங்கல் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள், சுமை குறையும். பட்டா லொறியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், படுக்கவைத்தால் நம் ரோட்டுக் குலுக்கலில் கால் உடையும். சீமெந்துத் தரை தாங்கும். பலகைத் தரையென்றால் அடியில் சட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேலே சீமெந்துப் பலகையோ செங்கல்லோ பரப்ப வேண்டும். அடுப்பு வாசலுக்கு முன்னால் 18 அங்குலம் வரை எரியாத தரை இருக்கட்டும், தணல் தெறிப்பது அங்கேதான்.

8. முதல் வாரம்

முதல் மூன்று நாள் சின்னத் தீ மட்டும். மிலாறும் இரண்டு விரல் தடிப்புத் துண்டும். தீச் சீமெந்து காயவும் இரும்பு பழகவும் நேரம் வேண்டும். முதல் நாள் மையும் எண்ணெயும் கருகி நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வைத்திருங்கள்.

படுக்கப் போகும்போது காற்று வழியை முழுதாக அடைத்து இரவு முழுக்கப் புகையவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. தார் படிவதும் அப்போதுதான், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் அறைக்குள் திரும்புவதும் அப்போதுதான். பத்தரைக்கு எரிந்து முடியும்படி கடைசி விறகைப் போடுங்கள். படுக்கும் அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றை மாட்டுங்கள், அடுப்புக்கு ஆன செலவில் அது ஒரு தூசு. தலைவலி, குமட்டல், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மயக்கம் என்றால் முதலில் வெளியே ஓடுங்கள், பிறகு அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். தீயணைப்புக்கு 110. அடுப்பு வரும்வரை கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றிரவே நிறுத்துங்கள், ஆளைக் கொல்லும்.

9. மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள்

எனக்கு ஆனது: அடுப்பு 52,000, குழாயும் கூரையும் 81,000, லொறியும் தூக்குக் கூலியும் 9,500, செங்கல், தீச் சீமெந்து, கதவுக் கயிறு 11,000, அடித்தளம் 6,000, முதல் வருட விறகு 18,000. கூட்டினால் 1,77,500. முதல் அடுப்பில் தொலைத்த 28,100ஐ இதில் சேர்க்கவில்லை, அது என் படிப்புச் செலவு. உங்கள் ஊரில் கூடும், குறையும். கடைக்காரர் சொல்லும் அடுப்பு விலையை மூன்றரையால் பெருக்கிப் பாருங்கள், அந்தத் தொகை கையில் இல்லை என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

நாள் கணக்கில், அடுப்பைத் தேடி வாங்க ஐந்து வாரம், குழாய் செய்ய மூன்று வாரம், கூரைத் தகடு தேட ஒன்பது நாள், மழை இல்லாத ஒரு நாளுக்காக பாஸ் காத்திருந்தது பதினொரு நாள். டிசம்பரில் மூட்ட வேண்டுமானால் அடுப்பு தேடுவதை ஓகஸ்டுக்குள்ளாவது தொடங்குங்கள்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை குழாயைத் துலக்க வேண்டும், நவம்பரில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. ஆறு அங்குலக் கம்பிப் பிரஷ் எங்கும் கிடைக்காததால் லேத் கடையில் ஒரு கம்பியில் வைத்துச் செய்தேன், 2,200 ரூபா. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே தணல் இரண்டு மூன்று நாள் கூட உயிரோடு கிடக்கும். நன்றாக ஆறிய பிறகு அம்மா அதை லீக்ஸ் பாத்திக்குக் கொண்டுபோகிறார்.